மூக்கைப் பொத்தாதவன்!

"அய்யய்யோ... குழிக்குள்ள ஆளு கெடக்கு!"

தோல்ஷாப்பின் பின்கட்டிலிருந்து வந்தது அந்த அலறல்.

கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள்.

சுண்ணாம்புக் குழி. ஆளை விழுங்கும் ஆழம். மாட்டுத் தோல்கள் ஊறும் வெள்ளைத் தண்ணீர்.

அதில் குப்புற மிதந்தான் சவரிமுத்து!

இரண்டு பேர் குதித்து இழுத்துப் போட்டார்கள். உயிர் இல்லை. முகம் சுண்ணாம்பில் வெந்து போயிருந்தது.

"குடிச்சிட்டு விழுந்துட்டான்!" என்றான் மேஸ்திரி பாக்கியநாதன். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே!

"மேஸ்திரி... அவன் டீயே குடிக்க மாட்டானே..." என்று இழுத்தான் ஒருவன்.

"அப்ப நீ குடிச்சிருக்கியா? வாயைத் தொறந்த... ஊதச் சொல்லுவேன்!"

திறந்த வாய் மூடிக்கொண்டது.

ஏட்டு மருதை சைக்கிளில் வந்தார். மேஸ்திரி உடைத்துக் கொடுத்த கலர் சோடாவைக் குடித்தார். மேஸ்திரி சொன்னதை எழுதினார்.

'குடிபோதையில் தவறி விழுந்து மரணம்.'

மதுவிலக்கு அமலில் இருந்த ஐம்பத்தெட்டாம் வருஷம் அது. செத்தவன் குடிகாரன் என்று எழுதிவிட்டால் போதும். அவனுக்காகப் பரிந்து பேச ஒருத்தனும் வரமாட்டான்.

பிணம் திருச்சி ஆஸ்பத்திரி சவக்கிடங்குக்கு மாட்டு வண்டியில் போனது.

கூட்டம் கலைந்தது.

அப்போதுதான் பாக்கியநாதனின் கண்ணில் பட்டது அது!

தோல் பதனிட வைத்திருந்த ஆவாரம்பட்டை மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு தூக்குவாளி. கவிழ்ந்து கிடந்தது. கஞ்சி மண்ணில் பாதி ஊறியிருந்தது.

சவரிமுத்துவுக்கு அவன் பெண்டாட்டி லூர்துராணி தினமும் மத்தியானம் கொண்டு வரும் தூக்குவாளி!

பாக்கியநாதன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

அப்படியானால்...

பார்த்துவிட்டாள்!

*

ஆமாம். பார்த்துவிட்டாள்.

ஷாப்பின் மூலையில் ஒரு பழைய கொட்டகை. அதில் பாக்கியநாதன் சாராயம் காய்ச்சினான். தோல் நாறும் இடத்தில் சாராய ஊறல் நாறினால் எவனுக்குத் தெரியும்? ஜில்லாவிலேயே அதைவிட நல்ல இடம் கிடையாது!

சவரிமுத்து அதைக் கண்டுபிடித்தான்.

"அடுப்பை நீங்க ஒடைக்கிறீங்களா, நான் ஒடைக்கட்டுமா மேஸ்திரி?" என்று கேட்டான்.

கேட்டுவிட்டுத் திரும்பினான்.

அவன் பின்மண்டையில் தோல் இழுக்கும் இரும்புக் கொக்கி இறங்கியது!

மூட்டைகளுக்குப் பின்னால் லூர்துராணி வாயைக் கையால் அடைத்துக்கொண்டு நின்றாள். கத்தியிருந்தால் குழியில் இரண்டு பிணம் மிதந்திருக்கும்.

மறுநாள் விடிந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

"பாத்தியா? நீ பாத்தியா?" ஏட்டு மருதை பல் குத்திக்கொண்டே கேட்டார். "குடிகாரன் பொண்டாட்டி எல்லாம் இப்படித்தான் கதை கட்டுவாளுங்க. போ, போ! அழுது முடிச்சிட்டு வா!"

"எம் புருஷன் குடிகாரன் இல்ல."

"எழுதியாச்சும்மா!"

சரி. ஸ்டேஷன் இல்லாவிட்டால் கோர்ட். திருச்சியில் மாஜிஸ்ட்ரேட்டிடம் நேரே போய்ச் சொல்லிவிடலாம் என்று பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

அங்கே நான்கு பேர். எல்லாம் மேஸ்திரியின் அடியாட்கள்.

"எங்க கெளம்பிட்ட?"

"கோர்ட்டுக்கு."

"புருஷன் இன்னும் மண்ணுக்குள்ள போகல. அதுக்குள்ள ஊரு சுத்தப் பொறப்பட்டுட்டா பாருடா!"

"நான் சுத்தல. உங்க மேஸ்திரியத்தான் சுத்த விடப் போறேன்!"

பளார்!

அறைந்தவன் அவள் காதருகே குனிந்தான். "டவுன் பக்கம் காலை வச்சிப் பாரு. ரோடு பூரா நம்ம ஆளுங்க சைக்கிள்ல நிக்கிறாங்க. அதே குழி... அதே சுண்ணாம்பு!"

பஸ் வந்தது. அவளை ஏற்றாமல் போனது.

*

தெருவுக்குத் திரும்பியபோது பூவரச மரத்தடியில் ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தான்.

நெற்றியில் பளிச்சென்று நாமம். முன்னால் ஒரு தகரப் பெட்டி. நாலைந்து குடைக் கம்பிகள்.

பக்கத்துக் குடிசை கமருன்னிசா வாசலில் நின்றாள். தோலில் மயிர் சுரண்டும் வேலை அவளுக்கு. லூர்துராணியின் கன்னத்தைப் பார்த்ததும் பதறினாள்.

"யா அல்லாஹ்! எவன் கை வச்சான்?"

"அது கெடக்கட்டும்க்கா. யாரு அந்த ஆளு?"

"கொடை ரிப்பேராம். ஸ்ரீரங்கம், சித்திரை வீதியாம். காலையிலேருந்து உக்காந்திருக்கான்."

"நம்ம தெருவுல யாருகிட்ட கொடை இருக்கு?"

"எங்கிட்ட ஒண்ணு கெடந்துச்சு. குடுத்தேன். நாலு கம்பி சரியா இருந்துது, அதையும் ஒடிச்சிப்புட்டான் பாவிப் பய!"

லூர்துராணி அந்த ஆளையே பார்த்தாள்.

அவன் வாழையிலையைப் பிரித்தான். தயிர் சோறு. அவனுக்குப் பக்கத்திலேயே ஷாப்பின் கழிவுச் சாக்கடை. சவ்வும் மயிரும் கொழுப்பும் மிதந்து போய்க்கொண்டிருந்தன.

அவன் ரசித்துத் தின்றான். விரலை நக்கினான்!

அவள் அவனிடம் போனாள்.

"அண்ணே, ஸ்ரீரங்கமா?"

"ஆமாம்மா. ரங்கநாதர் காலடி."

"எப்படிண்ணே இந்த நாத்தத்தைத் தாங்கறீங்க?"

அவன் நிமிர்ந்தான். உண்மையாகவே புரியாமல் கேட்டான்.

"என்ன நாத்தம்?"

லூர்துராணி சட்டென்று திரும்பினாள்.

நேரே வந்து கமருன்னிசாவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, தாசில்தார் வந்தாரு. கைக்குட்டையால மூக்கைப் பொத்தினாரு. பால்காரன் துண்டால பொத்தறான். ஓட்டுக் கேக்க வந்தவங்க மூச்சை அடக்கிக்கிட்டே கும்பிட்டாங்க. இவன் சாக்கடைக்குப் பக்கத்துல ஒக்காந்து தயிர் சோறு திங்கறான். 'என்ன நாத்தம்'ங்கறான்!"

"அப்படின்னா...?"

"தோல்ஷாப்புலயே பொறந்து வளந்த மூக்கு! நாமம் மட்டும்தான் ஸ்ரீரங்கம். மேஸ்திரி எங்கேயிருந்தோ எறக்கியிருக்கான். என்னைத்தான் வேவு பாக்கறான்."

"காலையில நீ இல்லாதப்ப குடிக்கத் தண்ணி கேட்டு உன் வீட்டுப் பக்கம்தான் போனான் ராணி..."

லூர்துராணி குடிசைக்குள் பாய்ந்தாள்.

சாணி மெழுகிய தரையில் புகைக்கரி உதிர்ந்து கிடந்தது. காலையில் பெருக்கிய தரை!

அண்ணாந்து பார்த்தாள். கூரைக் கீற்றுக்குள் கையை விட்டாள்.

கொழகொழவென்று ஏதோ நெளிந்தது.

இழுத்தாள்.

ஒரு சைக்கிள் டியூப்! இரண்டு முனையும் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே தளும்பியது சாராயம்!

கமருன்னிசா வாசல் படலைச் சாத்தினாள்.

"போலீஸ் வரப்போறாங்கடி! உன்னைச் சாராயக் கேஸ்ல உள்ள தள்ளிட்டா, அப்புறம் நீ கொலைன்னு சொன்னா எவன் நம்புவான்? குடு, நான் சாக்கடையில ஊத்திடறேன்!"

"வேணாம்."

"ஏண்டி?"

"ஊத்தினா நாளைக்கு வேற ஒண்ணு வைப்பான். ரோட்டுக்குப் போனா அடிப்பான். வீட்டுல இருந்தா வேவு பாப்பான். எத்தனை நாளைக்குக்கா கோழி மாதிரி கூடைக்குள்ளயே கெடக்கறது?"

"பின்ன என்ன செய்யப் போற?"

லூர்துராணி டியூப்பைக் கையில் தூக்கி எடை பார்ப்பது போல் அசைத்தாள். சிரித்தாள். நேற்றிலிருந்து முதல் சிரிப்பு.

"அக்கா, இந்தத் தெரு ஆம்பளைங்களை சாராயக் கேஸ்ல புடிச்சா எங்க கொண்டு போறாங்க?"

"கோர்ட்டுக்கு. எங்க வீட்டு ஆளையே ரெண்டு தடவ கொண்டு போயிருக்காங்க. மாஜிஸ்ட்ரேட்டு முன்னால நிறுத்தியே ஆகணுமாமே."

"ம்..."

லூர்துராணி அவள் காதில் ஏதோ சொன்னாள்.

கமருன்னிசாவின் கண் விரிந்தது. "உனக்குப் பைத்தியம் கிய்த்தியம் புடிச்சிருக்கா?"

"ஷாப்புக்குப் போயி ஒரு வாளி எடுத்துட்டு வாக்கா. தெனமும் நீ தூக்கற வாளிதானே... எவனும் கேக்க மாட்டான்."

*

தோல்ஷாப் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான் பாக்கியநாதன்.

லூர்துராணி நேராக வந்து நின்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"மேஸ்திரி, சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"என்னத்தை?"

"சாயங்காலம் பங்குச் சாமியார் காருல ஆஸ்பத்திரிக்குப் போறேன். எம் புருஷன் பொணத்தை வாங்கப் போறேன். வாங்கறதுக்கு முந்தி டாக்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேப்பேன்."

"என்ன கேப்ப?"

"மண்டையைத் திருப்பிப் பாருங்கன்னு!"

வெற்றிலை அவன் வாயிலேயே நின்றது.

"சாமியார் காரை உங்க ஆளுங்க மறிப்பாங்களா மேஸ்திரி? மறிச்சா கோயில் மணியடிச்சி ஊரே கூடிரும். பாத்துக்குங்க!"

திரும்பி நடந்தாள்.

வழியில் கமருன்னிசா கிசுகிசுத்தாள். "உங்க சாமியார் வேளாங்கண்ணிக்குல்ல போயிருக்காரு?"

"மேஸ்திரி கோயிலுக்கு வந்தாத்தானே அவனுக்குத் தெரியும்!"

சற்று நேரத்தில் டீக்கடைப் பின்புறத்தில் பாக்கியநாதன் ஏட்டின் சட்டையைப் பிடிக்காத குறையாகப் பேசிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு இல்ல ஏட்டய்யா... இப்பவே! சாயங்காலம் அவ ஆஸ்பத்திரியில இருக்கக் கூடாது. ஜெயில்ல இருக்கணும். கேக்க நாதி இல்லைன்னா பொணத்தை நானே வாங்கிப் பொதைச்சிடுவேன்."

"பதறாதய்யா. புடிச்ச சரக்குக்கு மகஜர் எழுதறதுக்கு நேரம் வேணாமா?"

"இங்கயே ஒக்காந்து எழுதுங்க! டியூப்பு எங்க இருக்கு, உள்ள என்ன இருக்கு, எல்லாம்தான் நமக்குத் தெரியுமே!"

"அதுவும் சரிதான்!"

ஏட்டு இன்னொரு டீ சொன்னார். எழுத ஆரம்பித்தார்.

'கூரையிலிருந்து கைப்பற்றிய டியூப்பை அவிழ்த்து முகர்ந்து பார்த்ததில்...'

*

போலீஸ் வேன் தெருவுக்குள் நுழைந்தது.

ஏட்டு மருதை குடிசைக்குள் போனார். போன வேகத்தில் வந்தார். கையில் டியூப்!

"ஐயோ பாவம்னு விட்டா... வீட்டுலயே சாராயக் கடையா வச்சிருக்க? ஏத்துங்கய்யா இவளை!"

இரண்டு கான்ஸ்டபிள்கள் கையை நீட்டினார்கள்.

"தொடாதீங்க! எனக்கு ஏறத் தெரியும்."

சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தானே ஏறினாள். ஏறி உட்கார்ந்து ஏட்டைக் கேட்டாள்.

"நேரா கோர்ட்டுதானே?"

"நேரா கோர்ட்டு. அங்கேயிருந்து நேரா ஜெயில்!"

"சரி. சீக்கிரம் விடச் சொல்லுங்க."

ஏட்டுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஊளையிட வேண்டியவள் அவசரப்படுத்துகிறாளே!

பஸ் ஸ்டாப்பில் அதே நான்கு பேர் நின்றார்கள். வேனைப் பார்த்துக் கையைத் தட்டினார்கள்.

லூர்துராணி கம்பி ஜன்னல் வழியாக அவர்களுக்குக் கையாட்டினாள்!

"டேய்... இவளுக்கு மூளை கலங்கிருச்சுடா!"

*

திருச்சி கண்டோன்மென்ட் கோர்ட்.

மாஜிஸ்ட்ரேட் சடகோபன் ஸ்ரீரங்கத்துக்காரர். அசல் நாமம். காலையில் கொள்ளிடத்தில் முழுகிவிட்டு, பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிற மனிதர்.

கடைசி பெஞ்சில் பாக்கியநாதன். வெள்ளை ஜிப்பா. வேடிக்கை பார்க்க வந்திருந்தான். அவளுக்கு ஜெயில் என்று காதால் கேட்டால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்!

"உன் ஜாகையில சாராயம் இருந்ததுன்னு கேஸ். ஒத்துக்கறியா?" மாஜிஸ்ட்ரேட் கேட்டார்.

"டியூப்பு இருந்தது நெசம்ங்கய்யா. சாராயம் இல்லீங்க."

ஏட்டு சிரித்துவிட்டார். "எல்லாரும் இதையேதான் சொல்வாங்க எஜமான். நானே அவுத்து முகர்ந்து பார்த்தேன். மகஜர்ல எழுதியிருக்கேன்."

"அவரு நாக்குல வச்சிப் பாத்தாரான்னு கேளுங்கய்யா."

"பார்த்தீரா?"

"பார்க்காம எழுதுவேனா எஜமான்? ஒரு சொட்டு நாக்குல வச்சேன். எரிஞ்சிது. அசல் பட்டைச் சாராயம்!"

"எல்லாரும் கேட்டுக்குங்க! நாக்குல வச்சாராம்!" என்றாள் லூர்துராணி.

சடகோபனின் புருவம் உயர்ந்தது.

"அந்த டியூப்பை இங்கேயே அவிழும்."

"எஜமான்... அது எதுக்கு...?"

"அவிழுமய்யா!"

ஏட்டு முடிச்சை அவிழ்த்தார். கண்ணாடித் தம்ளரில் சரித்தார்.

முதலில் வந்தது நாற்றம்!

அதற்குப் பிறகுதான் தண்ணீர். பழுப்பு நிறம். நுரை. அதில் நாலு மாட்டு மயிர்!

வக்கீல்கள் கோட்டால் மூக்கைப் பொத்தினார்கள். டவாலி சேவகன் ஜன்னலுக்கு ஓடினான். குமாஸ்தா மேஜைக்கு அடியில் குனிந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"ராமா, ராமா! என்னய்யா இந்த துர்கந்தம்?" மாஜிஸ்ட்ரேட் அங்கவஸ்திரத்தை மூக்கில் அமுக்கினார்.

"தோலு ஊறுற தொட்டித் தண்ணிங்கய்யா. கோழி எச்சம் கரைச்சிருக்கும். அப்பத்தான் தோலு மெத்துன்னு வரும்," என்றாள் லூர்துராணி. "எங்க கமரு அக்கா அள்ளிட்டு வந்தா. சாராயத்தை அடுப்புச் சாம்பல்ல ஊத்திட்டு, இதை நாந்தான் ரொப்பிக் கட்டினேன்."

ஏட்டு மருதை தம்ளரைப் பார்த்தார். தம்ளர் அவரைப் பார்த்தது.

"மருதை!" மாஜிஸ்ட்ரேட்டின் குரல் அங்கவஸ்திரத்துக்குள்ளிருந்து இடித்தது. "இதையா நாக்குல வச்சீர்?"

"எஜமான்... வந்து... அதாவது..."

"முகராமலே மகஜர் எழுதியிருக்கீர். டியூப்பு அங்கே இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சவன்தான் இப்படி எழுதுவான். யார் வச்சது?"

ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டு மூலைக்கு ஓடினார். குடித்த டீ எல்லாம் வெளியே வந்தது.

"நான் சொல்றேங்கய்யா!" லூர்துராணி கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எம் புருஷன் சவரிமுத்து குடிச்சிட்டுக் குழியில விழல. மேஸ்திரி சாராயம் காய்ச்சறதைப் பாத்துட்டான். பின்மண்டையில கொக்கியால அடிச்சித் தள்ளினாங்க. என் கண்ணால பாத்தேன். ஸ்டேஷன்ல எழுதல. பஸ்ஸுல ஏற விடல. பொணம் இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. பொழுது சாஞ்சா பொதைச்சிடுவாங்க. மண்டையைத் திருப்பிப் பாக்கச் சொல்லுங்கய்யா... அது போதும்!"



"அடிச்சது யாரு?"

"இங்கதான் இருக்கான். கடைசி பெஞ்சைப் பாருங்க. இத்தனை பேரும் மூக்கைப் பொத்தியிருக்கீங்க. ஒருத்தன் மட்டும் பொத்தல!"

அத்தனை தலையும் திரும்பியது.

பாக்கியநாதன் சட்டென்று கையை மூக்குக்குக் கொண்டு போனான்.

லேட்!

"பிடிங்கய்யா அவனை!"

ஓடினான். வாசல் வரைக்கும்தான். டவாலி சேவகன் காலை நீட்டினான். வெள்ளை ஜிப்பா தரையில் புரண்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி! அந்தக் கொட்டகையே என்னுது இல்ல! ஊறல் பானையெல்லாம் ஏட்டய்யா கொடுத்தது!"

"அட நாயே!" மூலையிலிருந்து ஏட்டு கத்தினார். "எந்தக் கொட்டகைன்னு எவன்டா உங்கிட்ட கேட்டான்? என்னையும் சேத்து இழுக்கறியா?"

மாஜிஸ்ட்ரேட் பேனாவை எடுத்தார். பிணத்தைப் புதைக்கத் தடை. டாக்டர் உடனே அறுத்துப் பார்க்க வேண்டும். டவுன் இன்ஸ்பெக்டர் இப்போதே கொட்டகையைச் சோதனை போட வேண்டும். ஏட்டு மருதை பெல்ட்டைக் கழற்ற வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வரும்வரை கோர்ட்டை விட்டு யாரும் நகரவில்லை.

பதில் வந்தது.

பின்மண்டையில் கொக்கி நுழைந்த ஓட்டை. வயிற்றில் ஒரு சொட்டுச் சாராயம் கிடையாது!

"ஏம்மா," சடகோபன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "டியூப்பைக் கண்டதும் தூர எறிஞ்சிருந்தா கேஸே கிடையாதே? ஏன் மாட்டிண்டே?"

"மாட்டலீங்கய்யா. இங்க வர்றதுக்கு எனக்கு வழியில்ல. மேஸ்திரி ஆளுங்க மறிக்காத வண்டி ஊருலயே ஒண்ணே ஒண்ணுதான். அதுல ஏறி வந்தேன்!"

மாஜிஸ்ட்ரேட் துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஐயா... எம் புருஷன் குடிகாரன்னு எழுதியிருக்காங்களே. அதை அடிச்சிடுவீங்களா?"

"என் கையாலயே அடிக்கிறேன்."

அப்போதுதான் அவள் அழுதாள். வாய்விட்டு, கோர்ட் அதிர, நேற்றே அழ வேண்டிய அழுகை முழுவதையும். யாரும் 'உஷ்' என்று சொல்லவில்லை.

முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவனை வாங்க வேண்டும்.

வாசலில் அதே வேன். பாக்கியநாதனையும் மருதையையும் ஒரே விலங்கில் பூட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் வலப்பக்கம் இழுத்தான். ஒருத்தர் இடப்பக்கம் இழுத்தார்.

"திருட்டு ராஸ்கல், உன்னாலதான்டா!"

"நீதான்யா நாக்குல வச்சேன்னு சொன்ன!"

லூர்துராணி கம்பி ஜன்னலருகே வந்து நின்றாள்.

இருவரும் சேர்ந்து பின்னால் ஒதுங்கினார்கள். சாபம் விடப் போகிறாளோ?

"ஏட்டய்யா, அந்த ஓரத்து சீட்டுல மட்டும் ஒக்காராதீங்க," என்றாள். "ஆணி நீட்டிக்கிட்டு இருக்கு. ரொம்ப தூரம் போகப் போறீங்க பாருங்க!"